ஊசிக்கு முன் கொப்பி: பன்றிக் கொட்டிலில் வைரஸ் சுவாச நோயை இனங்காணும் விதம்

நுவரெலியாப் பக்கத்து ராகலைக்கு மேலே எங்கள் கொட்டிலில் இப்போது 14 தாய்ப்பன்றிகளும் ஒரு கிடாயும் அவற்றின் குட்டிகளும் நிற்கின்றன. லயத்துக்குப் பின்னால் இரண்டு குட்டிகளோடு தொடங்கிய வேலை. பன்றி இருமினால் ஊசி போட வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பல வருடங்கள் நானும் அதையே செய்தேன்.

ஒரு மார்கழியில் கொட்டில் முழுவதும் இரண்டே நாளில் இருமத் தொடங்கியது. 5 நாள் அன்டிபயோட்டிக் ஊசி போட்டேன். ஆறாம் நாள் எல்லாம் எழுந்து தொட்டிக்கு வந்துவிட்டன. ஊசிதான் காப்பாற்றியது என்று நம்பினேன். அடுத்த வருடம் மூன்று தாய்ப்பன்றிகள் நாள் நிறையும் முன்பே குட்டி வீசின. உயிரோடு பிறந்த குட்டிகள் வயிற்றால் மூச்சு வாங்கின. அப்போதும் அதே ஊசி. செத்த குட்டிகளை கேரட் பாத்திக்கு அப்பால் குழி வெட்டிப் புதைத்தேன். மிருக வைத்தியர் வந்து சேர்ந்தபோது எடுத்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. 27 குட்டிகள் போயின. எந்த நோயால் போயின என்று இன்றுவரை என்னால் பெயர் சொல்ல முடியவில்லை.

வைரஸ் மீது அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. முதல் வருடம் வந்தது பெரும்பாலும் பன்றி இன்புளுவென்சாவாக இருக்க வேண்டும். அது 5 முதல் 7 நாட்களில் தானாகவே தணிகிற நோய். ஊசி போட்டாலும் ஆறாம் நாள் எழும்பும், போடாவிட்டாலும் எழும்பும். அந்த உண்மை தெரியாததால், மறு வருடம் வந்த வேறொரு நோயின் தடயத்தை நானே மண் போட்டு மூடினேன். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நோய் இல்லாத நாளில் தொடங்குங்கள்

சுகமான பன்றி எப்படி மூச்சு விடும் என்று தெரிந்தால்தான் நோயுற்ற பன்றியின் மூச்சு நமக்குப் புரியும். விடியற்காலையில், தீவன வாளியின் சத்தம் கேட்கும் முன், பட்டிக்கு வெளியே நின்றபடி படுத்திருக்கும் பன்றியின் கடைசி விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தைப் பாருங்கள். அது ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வளரும் பன்றி நிமிடத்துக்கு 25 முதல் 35 வரை மூச்சு விடும். ஓய்வாகப் படுத்திருக்கும் தாய்ப்பன்றிக்கு 15 முதல் 20 வரை. ஒரு பட்டிக்கு 5 பன்றிகளை எண்ணினால் போதும். ஓடி வந்த பன்றியையும் சண்டை பிடித்த பன்றியையும் எண்ணாதீர்கள்.

நோய் வந்தால் எண்ணிக்கை கூடுவதோடு மூச்சு எடுக்கும் இடமும் மாறும். நெஞ்சுக்கூடு அசையாது, வயிறு மட்டும் கொல்லன் துருத்திபோல் உள்ளே போய் வெளியே வரும். மூச்சைத் தள்ளும் நேரம் விலாவின் ஓரமாக ஒரு பள்ளக்கோடு விழும். இன்னும் முற்றினால் பன்றி நாய்போல் குந்திக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அந்தக் கோட்டை ஒருமுறை கண்டவர் பிறகு தவறவிடமாட்டார்.

இருமலையும் எண்ணலாம். பட்டியில் எல்லாவற்றையும் எழுப்பிவிடுங்கள். எழுந்தவுடன் வரும் முதல் இருமல்கள் தொண்டையைச் சரிசெய்யும் இருமல்கள், அவை அடங்கட்டும். பிறகு 2 நிமிடம் எண்ணுங்கள். அப்படியே மூன்று முறை. பட்டியில் எத்தனை பன்றிகள் என்பதையும் பக்கத்தில் எழுதினால், நாளை கூடியதா குறைந்ததா என்று உங்கள் கொப்பியே சொல்லும்.

மலைநாட்டில் இருக்கிற நமக்கென்று ஒரு எச்சரிக்கை. தை மாதத்தில் துகள் பனி விழும் என்று பயந்து நாம் கொட்டிலின் நான்கு பக்கமும் பொலித்தீன் கட்டி மூடுகிறோம். உள்ளே சிறுநீரின் அமோனியா தேங்கி நிற்கும். நின்றுகொண்டிருக்கிற நமக்கு அது அவ்வளவாகத் தெரியாது. பன்றியின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குந்தி ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், அந்த இருமலுக்கு வைரஸைத் தேடும் முன் பொலித்தீனின் மேல்பக்கத்தை ஒரு முழம் திறந்துவிடுங்கள். குளிர் முதுகில் படாமல் கீழ்ப்பக்கம் மூடியிருக்கட்டும், ஆவி மேலே வெளியேறட்டும். மண்ணைக் கிளறி மண்புழு தின்னும் பன்றிகளுக்கு நுரையீரல் புழுவும் இருமலைக் கொடுக்கும். இவை இரண்டையும் முதலில் கழித்துவிட வேண்டும்.

கொப்பியில் என்ன எழுதுவது

நான் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொட்டில் வாசலில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். முதல் இருமல் கேட்ட தேதி, எந்தப் பட்டி, எத்தனை வாரக் குட்டி, அடுத்த பட்டிக்கு எப்போது தாவியது, எத்தனை தின்னவில்லை, எத்தனை செத்தன. கடந்த மூன்று வாரத்தில் வெளியிலிருந்து குட்டியோ கிடாயோ வந்ததா. வந்தது வென்னப்புவ, நீர்கொழும்புப் பக்கமா, பக்கத்துத் தோட்டமா. எந்த லொறி வாசல்வரை வந்தது. எந்தத் தடுப்பூசி எப்போது போட்டது. எந்தத் தாய் எந்தத் தேதியில் கிடாயோடு சேர்ந்தது. கடைசியாக ஒரு வரி: வீட்டில் யாருக்காவது தடிமன், காய்ச்சல் உண்டா. இந்த வரியை ஏன் எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

காய்ச்சலும் பாருங்கள். பன்றியின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 முதல் 39.5 பாகை செல்சியஸ். 40க்கு மேல் என்றால் காய்ச்சல். வெப்பமானியில் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைத் துணிக் கவ்வியால் வால் மயிரில் கவ்வவிட்டால் பன்றி திமிறினாலும் அது கீழே விழுந்து உடையாது.

கொப்பியைப் படித்தால் தெரிவது

முதலில் பரவிய வேகத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் கொட்டில் முழுவதும், பெரிது சிறிது பாராமல் படுத்துவிட்டு, காய்ச்சல் 41 வரை போய், குரைப்பதுபோல் கரகரத்த இருமலோடு, மூக்கிலும் கண்ணிலும் தெளிந்த நீர் வடிந்தால் இன்புளுவென்சாவை நினையுங்கள். தொற்றி 1 முதல் 3 நாளில் வெளியே தெரியும். ஏறக்குறைய எல்லாம் நோயில் விழும், சாவது மிகச் சில. அதிகம் சாகத் தொடங்கினால் பின்னால் வேறொன்று சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

பி.ஆர்.ஆர்.எஸ். என்னும், சினையையும் சுவாசத்தையும் சேர்த்துத் தாக்கும் வைரஸ் நோய் வேறு முகம் காட்டும். 1980களின் இறுதியில் அமெரிக்காவில் தெரியவந்து, 1991இல் நெதர்லாந்தில் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அது பன்றியின் நுரையீரலில் காவல் நிற்கும் அணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகும். பன்றியின் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள், 114 நாள். இந்த நோயில் பெரும்பாலும் 100 நாளுக்குப் பிறகுதான் குட்டி வீசும். ஒரே ஈற்றில் செத்துப் பிறந்தது, கறுத்துச் சுருங்கிப் போனது, உயிரோடு நோஞ்சானாகப் பிறந்தது மூன்றும் கலந்திருக்கும். பால் குடிக்கும் குட்டிகள் வயிற்றால் மூச்சு வாங்கும், கண் இமை வீங்கும். பால் மறந்த குட்டிகள் மெலியும், மயிர் சிலிர்க்கும். இன்புளுவென்சா வந்து போய்விடும். இது மாதக்கணக்கில் கொட்டிலில் குடியிருக்கும். என் 27 குட்டிகளின் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் இந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் சோதிக்காத நோய்க்குப் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

6 முதல் 16 வாரக் குட்டிகளில் சில மட்டும் தின்றும் தேறாமல், வெளுத்து, முதுகெலும்பு தெரிய மெலிந்து, தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தால் சேர்க்கோவைரஸ் 2 என்ற வைரஸை நினையுங்கள். இதற்குத் தடுப்பூசி உண்டு. ஓஜெஸ்கி என்ற இன்னொரு வைரஸ் நோயில் வளர்ந்தவை இருமும், சின்னக் குட்டிகள் நடுங்கி, கால்களைத் துடுப்புபோல் அடித்துச் சாகும்.

வைரஸ் அல்லாதவையும் இதே வேஷத்தில் வரும். வாரக்கணக்கில் வறட்டு இருமல் இருமியும் காய்ச்சல் இல்லாமல் தின்னும் பன்றிக்கு மைக்கோபிளாஸ்மா என்ற பக்டீரியா இருக்கலாம். நேற்றுவரை நன்றாக இருந்த பன்றி இன்று மூக்கில் இரத்த நுரையோடு செத்துக் கிடந்தால் அக்டினோபசிலஸ் என்ற பக்டீரியா நுரையீரலில் விழுந்திருக்கலாம். மூட்டு வீங்கி நொண்டினால் கிளாசர் நோய். இவற்றுக்கு அன்டிபயோட்டிக் வேண்டும், தாமதிக்கவும் கூடாது. வைரஸ் வழி திறந்துவிட, பக்டீரியா பின்னால் வருவதுதான் வழக்கம். ஆகவே கொப்பியில் ஒரு பெயரை எழுதி வட்டமிடாதீர்கள். இரண்டு மூன்று பெயர்களை வரிசையாக எழுதி டொக்டரிடம் கொடுங்கள்.

இங்கே நில்லுங்கள்

காதும் வயிறும் சிவந்து கருநீலமாகி, ஒன்றின்மேல் ஒன்று குவிந்து படுத்து, தின்னாமல், அடுத்தடுத்துச் செத்தால், இருமல் இருந்தாலும் அது சுவாச நோய் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2024 இறுதியில் நம் நாட்டுக்குள் வந்துவிட்டது. அது மனிதருக்குத் தொற்றாது, ஆனால் ஒரு கொட்டிலையே துடைத்தெடுக்கும். பழைய பன்றிக் காய்ச்சலும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். பி.ஆர்.ஆர்.எஸ். நோயிலும் காது நீலமாவது உண்டு. கண்ணால் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். செத்த பன்றியை வெட்டாதீர்கள். இறைச்சி ஆக்காதீர்கள், ஆற்றில் விடாதீர்கள். சிந்தும் இரத்தத்தில் அந்த வைரஸ் நெடுநாள் உயிரோடு இருக்கும். மிச்சமிருக்கும் பன்றிகளை அவசரமாக விற்று அடுத்த தோட்டத்துக்கு நோயை ஏற்றிவிடாதீர்கள். அன்றே அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இருப்பதே இதற்காக. ஹோட்டல் கழிவுச் சோற்றைக் கொதிக்க வைக்காமல் போடுகிறவர்கள் அன்றோடு அதை நிறுத்த வேண்டும்.

மாதிரி எடுப்பது

இந்த வேலையை மிருக வைத்தியர்தான் செய்வார், நாம் பன்றியைப் பிடித்துக் கொடுப்போம். ஆனால் எந்தப் பன்றியைப் பிடிப்பது என்பதில் நமக்குப் பெரிய பங்கு உண்டு. எல்லோரும் மிக மோசமாகக் கிடக்கும் பன்றியைத்தான் காட்டுவார்கள். அது பத்து நாள் நோயாளி. வைரஸ் போய் பக்டீரியா மட்டும் மிஞ்சியிருக்கும். நேற்றோ இன்றோ காய்ச்சல் தொடங்கி, மூக்கில் தெளிந்த நீர் வடிகிற, இன்னும் ஊசி படாத பன்றியைக் காட்டுங்கள். இன்புளுவென்சா வைரஸ் மூக்கில் 5 முதல் 7 நாள்தான் நிற்கும். முதல் 3 நாள் தங்கம்.

அண்மையில் எங்கள் கொட்டிலில் மீண்டும் இருமல் கேட்டபோது நான் முதல் நாளே அழைத்தேன். வந்தவர் கண்டியிலிருந்து புதிதாக மாறி வந்த பெண் டொக்டர்.

"டொக்டர், இன்றைக்கே ஊசி போட்டுவிடலாமா?"

"அக்கா, முதலில் மூக்கிலிருந்து எடுப்போம். கொப்பியைக் கொடுங்கள், எந்தப் பட்டி கடைசியாக இருமியது?"

கடைசியாக இருமிய பட்டிக்கு நேராகப் போனார். என் கொழுந்தனார் மேல்தாடையில் கண்ணியைப் போட்டு நிறுத்த, டொக்டர் மூக்கின் வெளியழுக்கைத் துடைத்துவிட்டு, செயற்கைப் பஞ்சு சுற்றிய பிளாஸ்டிக் குச்சியை இரண்டு துவாரத்திலும் மெதுவாகச் சுழற்றி எடுத்தார். காது குடையும் மரக்குச்சி வேண்டாம் என்றார், மரத்தில் உள்ள பொருள்கள் வைரஸைத் தேடும் பி.சி.ஆர். சோதனையைக் கெடுக்குமாம். குச்சியின் நுனியை ஊடகத் திரவம் உள்ள குழாயில் முறித்துப் போட்டார்.

அடுத்து கயிறு. இதை நான் நேரில் பார்த்திராவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். சாயம் போடாத பருத்திக் கயிறு, பெருவிரல் தடிப்பு. நைலோனும் தும்புக்கயிறும் உதவாது. பன்றியின் தோள் உயரத்துக்கு முனை தொங்கும்படி கம்பியில் கட்டினோம். முதலில் ஒரு குட்டி வந்து மோந்தது. அது ஒரு கடி கடித்துவிட்டுத் திரும்பியதும் பட்டியே வந்துவிட்டது. ஒன்று மெல்ல, மற்றது இழுக்க, 20 நிமிடத்தில் கயிற்றின் முனை எச்சிலில் ஊறிக் கனத்துவிட்டது. முனையை ஒரு சுத்தமான பொலித்தீன் பைக்குள் விட்டு வெளியிலிருந்து கையால் பிழிந்து, பையின் மூலையை வெட்டிக் குழாயில் ஊற்றினார் டொக்டர். கலங்கலான, நுரைத்த திரவம், ஒரு சுண்டு விரல் உயரம். சுமார் 25 பன்றிகளின் பட்டிக்கு ஒரு கயிறு போதும். ஒரு பன்றியைக்கூடப் பிடித்து அலற வைக்க வேண்டியதில்லை. தாய்ப்பன்றிகள் மட்டும் அவ்வளவாக மெல்லாது.

குட்டி வீசும் நோய் என்றால் இரத்தம் வேண்டும். நோஞ்சானாக உயிரோடு பிறந்த குட்டி, சீம்பால் குடிக்கும் முன் எடுக்கும் இரத்தம் மிகச் சிறந்த மாதிரி. பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸ் குட்டிகளின் இரத்தத்தில் வாரக்கணக்கில் இருக்கும். ஆண் குட்டிகளுக்கு விதை நீக்கும்போது வடியும் நீரைச் சேர்த்துக்கூடச் சோதிக்கலாம். கறுத்துச் சுருங்கியது அதிகம் உதவாது. செத்த குட்டியின் நுரையீரலில் ஒரு துண்டு பனிக்கட்டியில், இன்னொரு சிறு துண்டு அதைப்போல் பத்து மடங்கு 10 வீத ஃபோர்மலினில். ஃபோர்மலினில் போட்டதை உறைய வைக்கக் கூடாது. மற்றவை 4 பாகைக் குளிரில் போக வேண்டும்.

எங்கள் மாதிரிகள் கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போயின. ராகலையிலிருந்து நுவரெலியா, பிறகு ரம்பொடை வளைவுகளில் இறங்கிப் பேராதனை. மேலே குளிர், கம்பளை தாண்டினால் வெக்கை. இங்கே குளிராக இருக்கிறதே என்று ஐஸ் குறைத்து வைப்பவர்களின் மாதிரி கீழே போய்க் கெடும். பெட்டியில் ஐஸ் நிறையட்டும், குழாய்கள் நிமிர்ந்து நிற்கட்டும், பன்றியின் எண்ணும் தேதியும் குழாயிலேயே அழியாத மையில் இருக்கட்டும்.

விடை வந்த பிறகு

பி.சி.ஆர். என்பது வைரஸின் மரபுப் பொருளைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கித் தேடுவது. சில சுற்றிலேயே தெரிந்தால் வைரஸ் நிறைய. கடைசிச் சுற்றுகளில் தெரிந்தால் கொஞ்சம். இல்லை என்று வந்தால், எத்தனையாம் நாள் எடுத்தோம் என்று கொப்பியைப் பாருங்கள். எலைசா என்ற இரத்தச் சோதனை தேடுவது உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை. அது தடுப்பூசியாலும் இருக்கலாம், குட்டிக்குத் தாயின் சீம்பாலிலிருந்தும் வந்திருக்கலாம். அதனால்தான் ஒரே பன்றியில் இரண்டு முறை, 2 முதல் 3 வார இடைவெளியில் இரத்தம் எடுத்து அளவு நான்கு மடங்கு ஏறியதா என்று பார்க்கிறார்கள்.

வைரஸ் இருக்கிறது என்பதோடு நிற்காமல் எந்த வகை என்று கேளுங்கள். இன்புளுவென்சா ஏ என்றால் எச்1என்1, எச்1என்2, எச்3என்2 மூன்றும் பன்றியில் ஓடுபவை. அதன் மரபணு எட்டுத் துண்டு. மனித வைரஸும் பறவை வைரஸும் பன்றி வைரஸும் ஒரே பன்றியில் சந்தித்தால் துண்டுகள் கலந்து புதியது பிறக்கலாம். பி.ஆர்.ஆர்.எஸ். என்றால் ஐரோப்பிய வகையா அமெரிக்க வகையா என்பதைப் பொறுத்துத் தடுப்பூசியின் பலன் மாறும். உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசி போட்ட கொட்டிலில், கண்டது தடுப்பூசி வைரஸா வெளியிலிருந்து வந்த நோய் வைரஸா என்பதை மரபணு வரிசையைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

எங்களுக்கு வந்த விடை இன்புளுவென்சா ஏ, 2009இல் உலகமெங்கும் மனிதரிடையே பரவிய எச்1என்1 வழி. டொக்டர் கொப்பியைப் புரட்டிக் கடைசி வரியில் விரல் வைத்தார். கொழும்பில் வேலை செய்யும் என் மகன் விடுமுறைக்கு வந்தவன், காய்ச்சலோடு மூன்று நாள் தீவனம் போட்டிருந்தான். நாலாம் நாள் முதல் பன்றி இருமியது. இலங்கையில் மனிதரிடம் இந்தக் காய்ச்சல் பரவிய பிறகு பன்றிகளில் அதே வைரஸ் காணப்பட்டது ஆய்வாளர்கள் பதிவுசெய்த செய்தி என்றும், நோய் எப்போதும் பன்றியிலிருந்து நமக்கு வருவதில்லை, நம்மிடமிருந்தும் போகும் என்றும் டொக்டர் சொன்னார். மகன் அன்று இரவு சாப்பிடவில்லை.

அந்த முறை அன்டிபயோட்டிக், மூச்சுக் கோடு விழுந்த மூன்று பன்றிகளுக்கு மட்டும், டொக்டர் சொன்ன அளவில். மற்றவற்றுக்கு உலர்ந்த வைக்கோல், தாராளமாகத் தண்ணீர், காற்றுத் தடுப்பு. இருமும் பட்டிக்குள் போகும்போது முகக்கவசம் கட்டினோம், கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவினோம். கர்ப்பமாக இருந்த என் மருமகளைக் கொட்டில் பக்கமே விடவில்லை. தடிமன் பிடித்தவர் யாராக இருந்தாலும் சுகமாகி ஒரு வாரம்வரை தீவன வாளியைத் தொடக் கூடாது என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

எதிர்ப்பொருளைப் பார்க்க முதல் இரத்தம் எடுத்த எட்டுப் பன்றிகளின் காதிலும் நீல நிறத்தில் கோடு போட்டிருந்தோம். 21ஆம் நாள் காலையில் அந்த எட்டையும் தேடிப் பிடித்து, இரண்டாம் முறை இரத்தம் கொடுத்தோம்.